திருப்பூர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் நொய்யல் ஆறும்: உப்பின் வழியே ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீரைத் தூய்மைப்படுத்த 1990-களின் இறுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. ஆயினும் அடுத்த பத்தாண்டில் நொய்யல் ஆற்றின் நிலை மேம்படவில்லை. 2011-க்குப் பின்னரே சுத்திகரிப்பு நிலையம் ஆற்றைக் காக்கும் கருவியாக மாறத் தொடங்கியது. இவ்விரு காலங்களுக்கும் இடையிலான வேறுபாடு இயந்திரங்களின் தரத்தில் மட்டும் அடங்குவதன்று. எதை மாசு எனக் கருதினர் என்பதில் நேர்ந்த மாற்றமே அதன் அடிப்படை என இக்கட்டுரை வாதிடுகிறது. முதல் தலைமுறை நிலையங்கள் நிறத்தை நீக்கின. கரைந்த உப்பை ஆற்றிலேயே விட்டன. கீழ்ப்பகுதி உழவர்கள் தொடுத்த வழக்குகளே உப்பை மையப் பிரச்சினையாக்கின.

குறிச்சொற்கள்: நொய்யல், திருப்பூர், ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவுநீர், பொதுச் சுத்திகரிப்பு நிலையம், கரைந்த உப்புகள், ஆயக்கட்டு உழவர்கள்

1. முன்னுரை

பல தொழிற்கூடங்களின் கழிவுநீரைக் குழாய்களின் வழியே ஓரிடத்திற்குக் கொணர்ந்து, அங்கே தூய்மைப்படுத்தி, பின் நீர்நிலையில் விடுவது பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் பணி. தனித்தனியே நிலையம் அமைக்க இடமும் முதலும் இல்லாத சிறு தொழில்களுக்கு இதுவே ஏற்ற வழி எனக் கருதப்பட்டது. இந்திய அரசு 1991-இல் இதற்கென ஒரு மானியத் திட்டத்தை வகுத்தது. செலவில் நடுவண் அரசும் மாநில அரசும் தலா 25 விழுக்காடு ஏற்க, எஞ்சியதைத் தொழில்முனைவோர் தம் பங்கு முதலாலும் வங்கிக் கடனாலும் திரட்ட வேண்டும் என்பது அதன் அமைப்பு.

இத்தகைய நிலையம் அமைந்துவிட்டால் ஆறு காக்கப்படும் என்னும் எண்ணம் அரசு ஆவணங்களிலும் பொதுப்பேச்சிலும் இயல்பாகக் காணப்படுவது. நொய்யலின் வரலாறு இவ்வெண்ணத்தை மறுபரிசீலனைக்கு உள்ளாக்குகிறது. நிலையங்கள் இயங்கிய காலத்திலேயே ஆற்றின் கீழ்ப்பகுதியில் பாசன நிலங்கள் உவர் நிலங்களாயின, கிணற்றுநீர் பயனற்றுப்போயிற்று. நிலையம் இருந்தும் ஆறு ஏன் காக்கப்படவில்லை, பின்னர் எது அதனைக் காக்கும் கருவியாக்கியது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

2. ஆறும் அதன் நீர்முறையும்

காஞ்சிமாநதி என்னும் பழம்பெயர் கொண்ட நொய்யல், மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரிச் சரிவுகளில் தோன்றும் ஓடைகள் ஒன்றுகூடி உருவாவது. கோயம்புத்தூர், திருப்பூர் நகரங்களைக் கடந்து, ஈரோடு, கரூர் மாவட்டப் பகுதிகளின் வழியே கிழக்கே சென்று, நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் கலக்கிறது. திருப்பூரில் நல்லாறும் ஜம்மனை ஓடையும் இதனோடு சேர்கின்றன.

இந்த ஆற்றுப்படுகையின் பெரும்பகுதி மழை மறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. பருவமழைக் காலத்துச் சில வாரங்கள் நீங்கலாக ஆற்றில் இயற்கையான நீரோட்டம் மிகக் குறைவு. இதனாலேயே, வெள்ளக்காலத்து நீரைத் தடுப்பணைகளால் திருப்பி வாய்க்கால் வழியே தொடர்க் குளங்களில் தேக்கும் முறை கொங்குப் பகுதியில் பண்டு முதல் வழங்கிவந்தது. கோவையைச் சூழ்ந்த குளங்கள் இம்முறையின் எச்சங்கள்.

மாசு வரலாற்றுக்கு இந்நீரியல் இயல்பு இன்றியமையாதது. ஆண்டு முழுதும் நிறைந்தோடும் ஆற்றில் கலக்கும் உப்பு நீர்த்துப்போய்க் கடலைச் சேர்ந்துவிடும். நொய்யல் போன்ற ஆற்றில், கோடைக்காலத்தில் ஓடுவது பெரும்பாலும் நகரம் வெளியேற்றும் நீரே. அதில் கலந்த உப்பு நீர்க்கப்படாமல் மணலிலும் நிலத்தடியிலும் தங்குகிறது. வேறிடத்து ஆறுகளை எண்ணி வகுக்கப்பட்ட கழிவுநீர் வரையறைகள் இங்குப் பொருந்தாமற்போனதற்கு இது முதற்காரணம்.

3. வெள்ளைப் பனியனிலிருந்து வண்ண ஆடைக்கு

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் 1920-களின் நடுப்பகுதியில் தோன்றியது. நெடுங்காலம் அவ்வூரின் முதன்மைப் பொருள் உள்நாட்டுச் சந்தைக்கான வெள்ளைப் பனியனே. எனவே, அக்காலத்து ஈரப்பணி பெரிதும் சலவைப்பணியாகவே இருந்தது. சலவைத்தூள் கலந்த நீரில் துணியை வெளுத்து அலசுவதே அதன் முறை. பட்டறைகள் நீர் வசதி கருதியும் கழிவை வெளியேற்றும் எளிமை கருதியும் ஆற்றோரத்திலும் ஓடையோரத்திலும் அமைந்தன.

1980-களின் நடுப்பகுதிக்குப் பின் ஏற்றுமதி பெருகியபோது தொழிலின் இயல்பு மாறியது. வெளிநாட்டுச் சந்தை வண்ண ஆடைகளைக் கேட்டது. பலமுறை துவைத்தாலும் வெளிறாத சாயத்தைக் கேட்டது. பருத்தி இழையோடு வேதிப்பிணைப்புக் கொள்ளும் வினைச்சாயங்கள் இத்தேவையை நிறைவேற்றின. 1956-இல் சந்தைக்கு வந்த இவ்வகைச் சாயங்கள் நீரில் எளிதிற் கரைவன. துணியில் ஏறுவதற்கு உப்பின் துணையை நாடுவன. சாயக்குளியலில் சோற்றுப்பு அல்லது சோடியம் சல்பேட் பெருமளவில் சேர்க்கப்பட்டால்தான் சாயம் நீரைவிட்டு இழையை நாடும்.

இவ்வுப்பின் அளவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஒரு கிலோ துணிக்கு 10 லிட்டர் குளியல் எனவும், லிட்டருக்கு 50 கிராம் உப்பு எனவும் கொண்டால், ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்பு செலவாகிறது. சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்போ துணியில் தங்குவதன்று. சேர்த்த உப்பு முழுதும் குளியல் நீரோடும் அலசல் நீரோடும் வெளியேறுகிறது. ஆதலின் வண்ண ஏற்றுமதி வளர்ந்த அளவுக்கு ஆற்றின் உப்புச் சுமையும் வளர்ந்தது.

தொழிலுக்கு வேண்டிய நீரை உள்ளூர் நிலத்தடி தரமுடியாதபோது, சுற்றுவட்டாரச் சிற்றூர்க் கிணறுகளிலிருந்து லாரிகள் நீரைக் கொணர்ந்தன. பின்னர்ப் பவானிப் பகுதியில் காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் எடுக்கும் வகையில் அரசு, தனியார் கூட்டு முயற்சியில் ஒரு திட்டம் அமைந்து 2006 அளவில் செயற்பாட்டுக்கு வந்தது. காவிரியில் நன்னீராக எடுத்தது, திருப்பூரில் உப்பேறி, நொய்யல் வழியே மீண்டும் காவிரிக்கே திரும்பும் ஒரு சுற்று இதனால் உருவாயிற்று.

4. அணையும் உழவரும்

இதே காலத்தில், சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை கட்டப்பட்டது. 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த இவ்வணையின் நோக்கம், ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் ஏறத்தாழ 20,000 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் அளிப்பது. மழைக்காலத்து வெள்ளத்தைத் தேக்கிப் பின்னர் வழங்குவது என்னும் மரபான பாசனக் கருத்தே இதன் அடிப்படை.

அணை தேக்கியது வெள்ளநீரை மட்டுமன்று. திருப்பூரிலிருந்து ஆண்டு முழுதும் வந்துகொண்டிருந்த சாயக்கழிவுநீரும் அதில் தேங்கியது. கோடையில் நீர் ஆவியாக, உப்புச் செறிவு மேலும் ஏறியது. தேங்கிய நீர் கசிந்து சுற்றியிருந்த கிணறுகளைக் கெடுத்தது. வாய்க்காலில் வந்த நீரைப் பாய்ச்சிய நிலங்களில் பயிர் கருகியது; மண்ணில் உப்புப் பூத்தது. தென்னையும் மஞ்சளும் விளைந்த தோட்டங்களின் உரிமையாளர் உவர்ப்பைத் தாங்கும் தீவனப் பயிர்களுக்கு மாறவோ நிலத்தைத் தரிசாக விடவோ நேர்ந்தது.

பாசன வரலாற்றில் அரிதாகக் காணப்படும் ஒரு நிலை இதனால் தோன்றியது. அணைநீருக்காகக் காத்திருந்த ஆயக்கட்டு உழவர்களே அந்நீர் தமக்கு வேண்டாம் என்றனர். அணையில் நீரைத் தேக்கலாகாது என்பது அவர்களின் கோரிக்கையாயிற்று. பெரும்பொருட்செலவில் எழுந்த ஒரு பாசனக் கட்டுமானம், தன் பயனாளிகளாலேயே மறுக்கப்பட்டது. இம்மறுப்பே பின்னர் நீதிமன்றத்தை எட்டியது.

5. முதல் தலைமுறை நிலையங்களும் அவற்றின் எல்லையும்

1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டமும், 1982-இல் அமைந்த தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் கழிவுநீருக்கான சட்ட வரையறைகளை முன்னரே தந்திருந்தன. ஆயினும் திருப்பூரில் சுத்திகரிப்பு நிலையங்கள் பரவலாக எழுந்தது நீதிமன்ற அழுத்தத்துக்குப் பின்னரே. கரூர் வட்டத்து நொய்யல் வாய்க்கால் உழவர் சங்கம் 1996-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அதன்மீது 1998-இல் பிறந்த ஆணை, சுத்திகரிப்பு வசதி இல்லாத பட்டறைகள் இயங்கலாகாது என்னும் நிலையை உண்டாக்கியது. அதன்பின் எட்டுப் பொது நிலையங்களில் 280 அளவிலான பட்டறைகள் இணைந்தன. நானூற்றுக்கும் மேற்பட்டவை தனி நிலையங்களை அமைத்துக்கொண்டன.

இந்நிலையங்களின் செயன்முறை எளியது. வெவ்வேறு பட்டறைகளிலிருந்து வரும் நீர் முதலில் ஒரு சமன்படுத்தும் தொட்டியில் கலக்கப்படும். பின்னர்ச் சுண்ணாம்பும் இரும்புச் சல்பேட்டும் சேர்க்கப்படும். சாயத்துகள்கள் இவற்றோடு திரண்டு கசடாக அடியிற் படியும். மேலே தெளிந்த நீர் ஆற்றுக்குச் செல்லும். கசடு உலர்த்தப்பட்டு மூட்டைகளாக நிலைய வளாகத்திலேயே அடுக்கப்படும்.

இம்முறையால் நிறம் பெரிதும் குறைந்தது. மிதக்கும் துகள்கள் நீங்கின. வேதி ஆக்சிஜன் தேவையும் தாழ்ந்தது. ஆனால் கரைந்த உப்பு இம்முறைக்கு அகப்படுவதன்று. திரட்டுவதற்காகச் சேர்க்கும் வேதிப்பொருள்களே கரைதிடப்பொருளைச் சிறிது கூட்டவும் கூடும். கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றிய நீர், நிலையத்துக்குள் நுழைந்தபோது எவ்வளவு உவர்ப்பாக இருந்ததோ ஏறக்குறைய அவ்வளவு உவர்ப்போடே வெளியேறியது.

இது வாரியம் அறியாத செய்தியன்று. மொத்தக் கரைதிடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்னும் வரையறை முன்னரே இருந்தது. நிலையங்களின் வடிவமைப்பு அவ்வரையறையை நிறைவேற்றும் ஆற்றல் உடையதாக இருக்கவில்லை என்பதே சிக்கல். வரையறை ஏட்டில் இருந்தது. அதனை எட்டும் தொழில்நுட்பம் நிலையத்தில் இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை ஆறு சுமந்தது.

வரையறையின் அமைப்பிலும் ஒரு குறை உண்டு. அது செறிவை அளப்பது. மொத்தச் சுமையை அளப்பதன்று. அக்காலத்தில் திருப்பூர் வெளியேற்றிய சாயக்கழிவுநீர் நாளொன்றுக்கு எட்டுக் கோடி லிட்டருக்கும் மேல் என மதிப்பிடப்பட்டது. லிட்டருக்கு 5 கிராம் உப்பு எனக் கொண்டால், எட்டுக் கோடி லிட்டரில் ஆற்றைச் சேர்வது நாளொன்றுக்கு 400 டன். ஒவ்வொரு பட்டறையும் 2,100 மில்லிகிராம் வரையறைக்கு முழுதும் கட்டுப்பட்டிருந்தாலும், நாளொன்றுக்கு 168 டன் உப்பு ஆற்றை அடைந்திருக்கும். நீர்க்கும் வெள்ளம் இல்லாத ஆற்றில் இதன் விளைவு, காலத்தால் சற்றுப் பிந்தியிருக்குமேயன்றித் தவிர்ந்திராது. எனவே முதல் தலைமுறை நிலையங்களின் தோல்வியைப் பராமரிப்புக் குறைபாடு என்றோ விதிமீறல் என்றோ மட்டும் விளக்குவது போதாது. அவை செவ்வனே இயங்கியிருந்தாலும் நொய்யலைக் காத்திரா.

6. நீதிமன்றத்தில் மாறிய அளவுகோல்

பாலாற்றுத் தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் தொடர்பான வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில், உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் மாசுபடுத்துவோரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகளாக அறிவித்தது. அத்தீர்ப்பின்வழி அமைந்த சூழலியல் இழப்பீட்டு ஆணையம் நொய்யல் பகுதியையும் ஆராய்ந்தது. 2004 டிசம்பரில் ஏறத்தாழ 28,600 உழவர்களுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது. தலைக்குச் சராசரியாக 8,700 ரூபாய் அளவே ஆகும் இத்தொகை, கெட்ட நிலத்தின் மதிப்புக்கு ஈடாகாது. எனினும் உப்பால் நேர்ந்த கேடு ஓர் அரசு அமைப்பால் ஊர்தோறும் கணக்கிடப்பட்டது என்ற வகையில் அது ஒரு திருப்பம்.

2003-இல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பர் 22 அன்று ஆணை பிறப்பித்தது. கழிவுநீரைச் சிறிதும் ஆற்றில் விடாத முறைக்குப் பட்டறைகள் 2007 ஜூலை 31-க்குள் மாறவேண்டும்; அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் முதலில் 6 காசு, பின்னர் 8 காசு, இறுதியில் 10 காசு எனத் தண்டத்தொகை செலுத்த வேண்டும் என்றது.

இவ்வாணையின் சிறப்பு, அது 2,100 மில்லிகிராம் என்னும் செறிவு வரையறையைத் தாண்டிச் சென்றதில் உள்ளது. எவ்வளவு தூய்மைப்படுத்தி ஆற்றில் விடலாம் என்னும் வினா விலகி, ஆற்றில் விடவே கூடாது என்னும் நிலை வந்தது. நீரோட்டமற்ற ஆற்றுக்குப் பொருந்தும் அளவுகோல் இதுவே. தண்டத்தொகை மட்டும் உப்பின் எடையைக் கருதாது லிட்டர் கணக்கிலேயே அமைந்தது. எனவே குளியலில் உப்பைக் குறைப்பதற்கான ஊக்கம் அதில் இல்லை.

சாயப்பட்டறை உரிமையாளர் சங்கத்தின் மேல்முறையீட்டில், உச்சநீதிமன்றம் 2009 அக்டோபரில் உயர்நீதிமன்ற ஆணையை உறுதிசெய்து மூன்று மாதக் கெடு அளித்தது. கெடு கடந்தும் வெளியேற்றம் நிற்காமையால் நீதிமன்ற அவமதிப்பு வழக்கு எழுந்தது. 2011 ஜனவரி 28 அன்று, எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் ஒருசேர மூடவும், மின் இணைப்பைத் துண்டிக்கவும் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. சுத்திகரிப்பு நிலையங்களும் மூடப்பட்டமை கருதத்தக்கது. கழிவைக் குறைக்கும் கருவியாக அன்றி, கழிவு வெளியேறும் வாயிலாகவே அவற்றை நீதிமன்றம் கண்டது.

7. இரண்டாம் தலைமுறை: உப்பை மீட்டல்

கழிவுநீர் வெளியேற்றம் இல்லாத முறை பல படிகளைக் கொண்டது. முதலில் நுண்ணுயிர்களின் துணையால் கரிமப்பொருள்கள் சிதைக்கப்படுகின்றன. வடிகட்டிகளைக் கடந்த நீர், உயரழுத்தத்தில் எதிர்ச் சவ்வூடுபரவல் சவ்வுகளின் வழியே செலுத்தப்படுகிறது. பெரும்பகுதி நன்னீராக மீண்டு பட்டறைக்கே திரும்புகிறது. சவ்வைக் கடவாது எஞ்சும் செறிந்த உவர்நீரை ஆவியாக்கிகளில் காய்ச்சி உப்பைப் பிரித்தெடுப்பது இறுதிப்படி.

இடர்ப்பாடு இவ்விறுதிப்படியில் எழுந்தது. உவர்நீரில் எஞ்சிய நிறமும் கடினத்தன்மையும் ஆவியாக்கிக் குழாய்களில் படிந்து அடைத்தன. எதிர்பார்த்த கொள்ளளவில் அவை இயங்கவில்லை. எரிபொருள் செலவும் மிகுந்தது. 2009-க்கும் 2011-க்கும் இடையில் கெடுக்கள் தவறியதற்கு இத்தொழில்நுட்ப இடர்ப்பாடும் ஒரு காரணம்.

அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனத்தின் துணையோடு கண்ட தீர்வு வேறு திசையில் அமைந்தது. உவர்நீர் முழுவதையும் காய்ச்சாமல், அதிலுள்ள நிறத்தையும் கடினத்தன்மையையும் மட்டும் நீக்கி, உப்புக்கரைசலாகவே சாயக்குளியலுக்குத் திருப்பி அனுப்புவது அம்முறை. சாயமேற்ற எப்படியும் உப்பு வேண்டும்; கழிவாகக் கருதப்பட்டதே மூலப்பொருளாயிற்று. ஆவியாக்கிகளின் சுமை இதனால் குறைந்தது. சோற்றுப்புக்கு மாற்றாகச் சோடியம் சல்பேட்டைப் பயன்படுத்தியபோது, குளிர்வித்துப் படிகமாக்கி அதனை மீட்பதும் எளிதாயிற்று. மாநில அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் ஒதுக்கியது. வெளியேற்றம் இன்றி இயங்கும் திறனை மெய்ப்பித்த நிலையங்களும் அவற்றைச் சார்ந்த பட்டறைகளும் படிப்படியே மீண்டும் திறக்கப்பட்டன.

8. எஞ்சிய சிக்கல்கள்

இம்மாற்றத்தை முழு வெற்றி எனக் கொள்வதற்கில்லை. முதலாவதாக, மீட்க இயலாத கலப்பு உப்பும் வேதிக்கசடும் நிலைய வளாகங்களில் தேங்குகின்றன. ஆற்றிலிருந்து விலக்கிய சுமை கொட்டகைகளில் காத்திருக்கிறது. மழைநீர் படாது அதனைக் காப்பதும் ஆற்றுப் பாதுகாப்பின் பகுதியே. இரண்டாவதாக, சவ்வுகளும் ஆவியாக்கிகளும் மின்சாரத்தையும் விறகையும் மிகுதியாக உண்பவை. நீர் மாசைக் காற்று மாசாக மாற்றும் கூறு இதில் உண்டு. மூன்றாவதாக, முறையான பட்டறைகளின் செலவு உயர்ந்தபோது, கண்காணிப்புக்கு எட்டாத சிறு பட்டறைகள் இரவிலும் மழை நாளிலும் கழிவைத் திறந்துவிடும் தூண்டுதலும் உயர்ந்தது.

நான்காவது சிக்கல் ஆற்றின் மொத்த நிலையைப் பற்றியது. சாயப்பட்டறைகளுக்கான நிலையம் வீட்டுக் கழிவுநீரைக் கையாள்வதில்லை. கோவையும் திருப்பூரும் வெளியேற்றும் நகரக் கழிவுநீர் தொடர்ந்து நொய்யலை அடைகிறது. மேலும், இருபது ஆண்டுகள் மண்ணிலும் நிலத்தடியிலும் ஏறிய உப்பு, வெளியேற்றம் நின்றவுடன் நீங்குவதன்று. நல்ல மழை பெய்து நிலத்தைக் கழுவும் ஆண்டுகளிலேயே அது சிறிது சிறிதாகக் குறையும். இழப்பீடோ கணக்கிடப்பட்ட காலத்தோடு நின்றது.

9. முடிவுரை

நொய்யலின் வரலாறு மூன்று கருத்துகளை உணர்த்துகிறது. ஒன்று, சுத்திகரிப்பு நிலையம் எதனை நீக்குவதற்கென வடிவமைக்கப்பட்டதோ அதனை மட்டுமே நீக்கும். நிறத்தை நீக்கிய நிலையம், உப்பு வெளியேறுவதற்குச் சட்ட ஏற்பைத் தேடித்தரும் கருவியாகவே பத்தாண்டுக்கும் மேல் இயங்கியது. இரண்டு, தூய்மைக்கான அளவுகோல் ஆற்றின் இயல்பிலிருந்து பிறக்க வேண்டும். ஓட்டம் மிக்க ஆற்றுக்குப் பொருந்தும் செறிவு வரையறை, வறண்ட நொய்யலுக்குப் பொருந்தவில்லை. மூன்று, அளவுகோலை மாற்றியவர்கள் தொழில்முனைவோரோ வாரியமோ அல்லர். அணைநீரை வேண்டாம் என்று மறுத்த கீழ்ப்பகுதி உழவர்கள். தெளிந்த நீரிலும் உப்பு உண்டு என்பதை அவர்களின் நிலமே காட்டிற்று.

திருப்பூர் முறை இன்று பிற சாயத்தொழில் மையங்களுக்கு முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்படுகிறது. அவ்வாறு எடுத்துக்காட்டும்போது, அது 2011-இல் கண்ட தொழில்நுட்ப வெற்றியோடு, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் கரூர், ஈரோட்டு உழவர்கள் இழந்த நிலத்தின் கணக்கும் சேர்த்து எண்ணப்பட வேண்டும். நொய்யலின் குளங்கள், கிணறுகள், மண் ஆகியவற்றின் உப்பு அளவை ஊர்வாரியாகத் தொகுத்து, 2011-க்கு முன்னும் பின்னும் ஒப்பிடும் ஆய்வு இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்கது. நிலையங்கள் ஆற்றை எவ்வளவு காத்தன என்பதற்கு நிலையத்தின் பதிவேடுகளைவிட அக்கிணறுகளே நம்பத்தக்க சான்றாக அமையும்.